டிக்கெட் வாங்கியவள்

காலையிலேயே ஆல்தியா பெட்டியைக் கட்டிவிட்டாள். அதைக் கட்டிலுக்கு அடியில் தள்ளியபோது வெர்னா கண்ணாடி முன் நின்று தலைவாரிக்கொண்டிருந்தாள். பார்த்திருப்பாள். ஒன்றும் கேட்கவில்லை.

வசந்தகாலத்திலிருந்தே அந்த அறையில் பேச்சு குறைந்துபோயிருந்தது. "சோப்பு உன்கிட்டயா?" "ஜன்னலச் சாத்தவா?" அதற்கு மேல் போவதில்லை. நியூயார்க்கில் ஒரே நாடகத்தில் அக்கா தங்கையாக ஒத்திகை பார்த்தவர்கள் இருவரும். பணம் போட்டவர்கள் கைவிட்டதால் அரங்கேற்றத்துக்கு முந்தின வாரம் நாடகம் நின்றுபோனது. பிறகு ஒன்றாக ரயிலேறி ஹாலிவுட் வந்தார்கள். ஒரே ஸ்டுடியோவில் ஆறு மாத ஒப்பந்தம் கிடைத்தது. ஆறு மாதம் முடிந்தால் வைத்துக்கொள்வதும் அனுப்பிவிடுவதும் ஸ்டுடியோவின் இஷ்டம். வசந்தத்தில் ஆல்தியாவை வைத்துக்கொண்டார்கள். வெர்னாவை அனுப்பிவிட்டார்கள்.

அன்று மாலை ஆல்தியா அறைக்கு வந்து தன் செய்தியைச் சொல்லவில்லை. சொன்னால் குத்தும் என்று நினைத்தாள். வெர்னா அதை விடுதியின் சாப்பாட்டு மேசையில் வேறொருத்தி வாயால் கேட்டாள். அவ்வளவுதான் நடந்தது. ஆனால் பேசாமல் விட்ட ஒரு மாலை, பிறகு வந்த எல்லா மாலைகளின் மேலும் உட்கார்ந்துகொண்டது.

இப்போது ஆல்தியாவின் இரண்டாவது ஆறு மாதமும் முடிகிறது. இன்று எடுக்கும் சோதனைக் காட்சியைப் பார்த்துத்தான் முடிவு. அனுப்பிவிட்டால் டுலூத் ஊரில் கூடப்பிறந்த அக்கா புருஷனின் தொப்பிக் கடை இருக்கிறது. அங்கே கவுன்டருக்குப் பின்னால் நிற்கும் தன் உருவம் அவளுக்கு அடிக்கடி தெரிந்தது. அந்த உருவம் வாடிக்கையாளர்களைப் பார்த்து நன்றாகச் சிரிக்கவும் செய்தது. அதுதான் பயமாக இருந்தது.

டிராமில் இருவரும் அருகருகே உட்கார்ந்து போனார்கள். வெர்னாவுக்கும் அதே ஸ்டுடியோவில்தான் வேலை, தினக்கூலி. சோதனைக் காட்சிகளில் கேமராவுக்கு முதுகு காட்டி உட்கார்ந்து எதிர்ப்பாத்திரத்தின் வசனத்தைச் சொல்வாள். "முதுகுக்கு மேக்கப் வேணாம், சௌகரியம்" என்று மற்றவர்களிடம் சொல்லிச் சிரிப்பாள். ஆல்தியாவிடம் சொன்னதில்லை.

ஸ்டுடியோ படமெடுக்க வாங்கியிருந்த கதை, இருவரும் ஒத்திகை பார்த்த அதே நாடகம். சோதனைக்குக் கொடுத்திருந்தது அதன் கடைசிக் காட்சி. வீட்டைவிட்டுப் போன தங்கை பல வருஷம் கழித்துத் திரும்பி வந்து சமையலறை மேசையில் உட்காருகிறாள். அக்கா கேள்வி கேட்கிறாள். தங்கையின் பதிலோடு திரை விழும்.

முதல் தடவை எல்லாம் சரியாகப் போனது. விளக்குகளின் சூட்டை ஆல்தியா மறந்தாள். எதிரே வெர்னாவின் முகம் மட்டும் இருந்தது. நியூயார்க்கில் இருந்த அதே அக்கா.

"எத்தனை நாள் இருக்கப் போற?" என்று வெர்னா கேட்டாள்.

ஆல்தியா வாயைத் திறந்தாள். பிறகு மூடிக்கொண்டு மேசையை விரல் முட்டியால் இரண்டு முறை தட்டினாள்.

"கட்!" என்றார் ஹாஸ்கல். சோதனைக் காட்சிகளை எடுப்பவர் அவர்தான், கெட்டவரில்லை, அவசரக்காரர். "ஏம்மா, கதவ யாரு தட்டுறா?"

யாரோ சிரித்தார்கள். ஆல்தியாவுக்கு முகம் சுட்டது. மேடைக்காரர்களிடம் ஒரு பழக்கம் உண்டு. நாடகத்தின் கடைசி வசனத்தை ஒத்திகையில் யாரும் சொல்ல மாட்டார்கள். காசு கொடுத்து வந்த சபை எதிரே உட்கார்ந்த பிறகுதான் அதைச் சொல்லலாம். காலி நாற்காலிகளிடம் சொன்னால் நாடகம் படுத்துவிடும். ஆல்தியா அந்த இடத்தில் மேசையைத் தட்டுவாள். ஒத்திகை நடந்த நாளெல்லாம் தட்டினாள். அரங்கேற்றம் வரவில்லை. அந்த வசனத்தை அவள் வாய்விட்டுச் சொன்னதே இல்லை.

இரண்டாவது தடவை கைகளை மடியில் கோத்துக்கொண்டாள். வெர்னா கேட்டாள். வசனம் நாக்கு நுனிவரை வந்து நின்றது. படுத்துப்போவதற்கு இனி நாடகமே இல்லை என்று அவளுக்குத் தெரியும். தெரிந்தும் மடியிலிருந்த கை தானாக எழுந்து வந்து தட்டியது.

"வசனம் மறந்துபோச்சா?" என்றார் ஹாஸ்கல்.

"இல்லங்க."

"பின்ன என்ன? வெளிய அடுத்த பொண்ணு காத்துக்கிட்டு இருக்கா. இன்னும் ஒரு தடவ எடுக்கறேன். அதுக்கும் தட்டினீங்கன்னா, தட்டினதத்தான் மேல அனுப்புவேன். கோவிச்சுக்காதீங்க."

விளக்கிச் சொல்லியிருக்கலாம். ஆனால் அந்த ஸ்டுடியோவில் மேடையிலிருந்து வந்தவர்களை ஏற்கெனவே கேலி செய்வார்கள். மைக் இருப்பதை மறந்து கடைசி வரிசைக்குக் கத்துகிறவர்கள் என்று. மூடநம்பிக்கையும் சேர்ந்தால் கேட்கவே வேண்டாம். ஆல்தியா குனிந்து மேசையைப் பார்த்தாள். அந்தக் கட்டடத்தில் அவளுக்கு என்ன நடக்கிறது என்று தெரிந்த ஒரே ஆள் எதிரே உட்கார்ந்திருந்தாள். வெர்னா சும்மா இருந்தால் போதும். சும்மா இருப்பது எவ்வளவு சுலபம் என்று ஆல்தியாவுக்குத் தெரியும், அவளே செய்திருக்கிறாள்.

வெர்னா நாற்காலியைப் பின்னுக்குத் தள்ளி எழுந்தாள். கைப்பையைத் திறந்து துழாவினாள். ஒரு பத்து சென்ட் நாணயத்தை எடுத்து மேசையின் நடுவில் வைத்தாள்.

"பால்கனி டிக்கெட்டு. அதுக்கு மேல எனக்கு வசதி இல்ல" என்றாள். "சபை வந்தாச்சுடி. சொல்லு."

"இது என்ன கூத்து?" என்றார் ஹாஸ்கல்.

"சார், காசு வாங்காம கடைசி வசனத்தச் சொல்ல மாட்டா. மேடைல வளந்தவ. நானும் அப்படித்தான். என்னைப் போட்டிருந்தாலும் இதே கதிதான் உங்களுக்கு."

மேலே விளக்குப் பரணில் குப்புறப் படுத்து எட்டிப் பார்த்துக்கொண்டிருந்த மின்சாரக்காரர் சட்டைப்பையில் கைவிடுவது தெரிந்தது. ஒரு ஐந்து சென்ட் கீழே விழுந்து தரையில் உருண்டது.

"நான் நின்னுக்கிட்டே பாக்குறேன். நிக்கிறதுக்கு அஞ்சு சென்ட்டு போதும்ல?"

எல்லோரும் சிரித்தார்கள். ஹாஸ்கல் தொப்பியைக் கழற்றி முகத்தைத் துடைத்துக்கொண்டார். "எனக்கு ஓசி பாஸு" என்றார். "ஓட்டுங்கப்பா கேமராவ."

வெர்னா பத்து சென்ட்டைத் தன் பக்கம் நகர்த்தி உள்ளங்கையால் மூடிக்கொண்டாள், படத்தில் விழாதபடிக்கு. பிறகு கேட்டாள். இந்த முறை வேறு மாதிரி கேட்டாள். பதிலுக்குப் பயப்படுகிறவள் மாதிரி.

"எத்தனை நாள் இருக்கப் போற?"

ஆல்தியா அவளைப் பார்த்துக்கொண்டே இருந்தாள். நீண்ட நேரம் பார்த்தாள்.

"இன்னும் பெட்டியப் பிரிக்கலக்கா. பிரிச்சிட்டுச் சொல்றேன்."

குரல் நடுவில் கொஞ்சம் உடைந்தது. அவள் நினைத்து வைத்திருந்த மாதிரி வரவில்லை. "போதும், அடுத்த பொண்ணக் கூப்பிடு" என்றார் ஹாஸ்கல், நன்றாக இருந்தது என்றோ இல்லை என்றோ சொல்லாமல்.

வெளியே வெயில் இன்னும் இருந்தது. டிராம் நிறுத்தம்வரை பேசாமல் நடந்தார்கள். ஆனால் இந்தப் பேசாமை வேறு. இதில் மூச்சு விட முடிந்தது.

"அன்னிக்கே உன்கிட்ட சொல்லியிருக்கணும்" என்றாள் ஆல்தியா.

"ஆமா."

"நீ வருத்தப்படுவேன்னு..."

"வருத்தப்பட்டிருப்பேன்தான். ரெண்டு நாள் உன்னத் திட்டியிருப்பேன். அதுக்கப்புறம் சரியாயிருக்கும். நீ என்னத் திட்டவும் விடல." வெர்னா தண்டவாளத்தைப் பார்த்துக்கொண்டு சொன்னாள். "என்னமோ நான் கண்ணாடிச் சாமான் மாதிரி."

"இப்பத் திட்டு."

"இப்பப் பசிக்குது. அப்புறம் திட்டுறேன்."

மறுநாள் மதியம் விடுதிக்கார அம்மா மிஸஸ் ப்ரூயிட் படிக்கட்டின் கீழிருந்து கத்தினாள். "ஆல்தியா! ஸ்டுடியோவிலிருந்து போன்!"

ஆல்தியா இறங்கிப் போனாள். வெர்னா அறைக் கதவைத் திறந்து வைத்துக்கொண்டு கட்டிலில் உட்கார்ந்திருந்தாள். கீழே "சரிங்க" என்பது மட்டும் மூன்று நான்கு முறை கேட்டது. "சரிங்க" என்ற சொல்லிலிருந்து எதையும் கண்டுபிடிக்க முடியாது. காலடி மெல்ல மேலே வந்தது.

வாசலில் நின்ற ஆல்தியா இந்த முறை எதையும் தள்ளிப்போடவில்லை.

"தங்கச்சி வேஷம் எனக்கு இல்ல. பெரிய நட்சத்திரம் யாருக்கோ போயிருச்சு. ஆனா என்னை வெச்சுக்கிறாங்க. இன்னும் ஆறு மாசம்."

சொல்லி முடித்ததும் அப்படியே தரையில் உட்கார்ந்தாள். வெர்னாவின் முகம் ஒரு கணம் சுருங்கியது. ஆல்தியா அதைப் பார்த்தாள், பார்த்ததை மறைக்கவும் இல்லை. பிறகு வெர்னா ஒரு தலையணையை எடுத்து அவள்மேல் எறிந்தாள். "சனியனே" என்றாள். "அதிர்ஷ்டக்காரச் சனியனே." அடுத்த தலையணையும் வந்தது. ஆல்தியா அதைக் கட்டிக்கொண்டு சிரித்தாள். கண்ணில் நீர் வந்தது. தொப்பிக் கடையில் நின்றுகொண்டிருந்த அந்தப் பெண் எங்கேயோ போய்விட்டாள்.

வெர்னா குனிந்து கட்டிலுக்கு அடியிலிருந்த பெட்டியை இழுத்தாள். வார்ப்பட்டையை அவிழ்த்து ஒவ்வொரு துணியாக எடுத்து அலமாரியில் போடத் தொடங்கினாள், மடிக்காமல்.

"என் பத்து சென்ட்டு எங்க?" என்று கேட்டாள், திரும்பிப் பார்க்காமலேயே. "மேசைலேர்ந்து நீதான எடுத்துக்கிட்ட?"

"நாடகம் நடந்துருச்சே. டிக்கெட்டுக் காசு வாபஸ் கிடையாது."

"அப்ப காப்பி வாங்கிக் குடு. ரெண்டு டோனட்டும்."

ஆல்தியா எழுந்து கோட்டை எடுத்தாள். பையில் அந்தப் பத்து சென்ட்டும் மின்சாரக்காரரின் ஐந்து சென்ட்டும் கிடந்தன.