வால்வு ஓரத்து மூட்டு

எங்கள் கட்டடத்தில் மாடிப்படி பொது. படியில் பேசுகிற பேச்சும் பொதுதான் என்பது என் கட்சி. முதல் மாடி வீட்டுக்காரருக்கு இதில் உடன்பாடு கிடையாது. ஆனால் அவர் வீட்டில் இருக்கிற ஒரே மேசையில் தையல் மெஷின் உட்கார்ந்திருக்கிறது. ஆலையிலிருந்து கொண்டுவருகிற காகிதச் சுருளை விரித்துப் பார்க்க, பாவம், அவருக்குப் படியை விட்டால் வேறு இடமில்லை.

அவருக்கு இங்கே சூட்டுக்காரர் என்று பெயர். கோபக்காரர் என்று நினைத்துவிட வேண்டாம், மனிதருக்குக் குரலே எழும்பாது. வேலை அப்படி. ஆலையில் தடித்த பைப்புகளை வெல்டர்கள் ஒட்டிவிட்டுப் போவார்கள். ஒட்டின இடம் உள்ளுக்குள் விறைத்துக்கொண்டு நிற்குமாம். அப்படியே விட்டால் என்றைக்காவது ஒரு நாள் விரிசல் விடும். அதனால் அந்த மூட்டைச் சுற்றி வெள்ளை மணி கோத்த ஹீட்டர் பட்டையைக் கட்டி, மேலே கனமான போர்வையைச் சுற்றி, மணிக்கு இத்தனை டிகிரி என்று நிதானமாக ஏற்றி, எழுநூற்று இருபதில் இரண்டு மணி நேரம் நிறுத்தி, ஏற்றின மாதிரியே நிதானமாக இறக்க வேண்டும். "பைப்புக்கு ஜுரம் வரவழைத்து, அப்புறம் பக்கத்திலேயே உட்கார்ந்து ஜுரத்தை இறக்குகிற ஆள்" என்பார் என் வீட்டுக்காரர். இவருக்கு அதே ஆலையில் வாசல் காவல். உள்ளே போகிற ஆணியும் வெளியே வருகிற பேச்சும் அவரைத் தாண்டித்தான் போகவேண்டும். ஆகவே நான் சொல்வதில் பாதி நானே கண்டது, மீதி அவர் கொண்டுவந்து கொட்டியது. என் பங்கு கற்பனை கொஞ்சம்தான்.

சூட்டுக்காரர் மனைவி தையல் வேலை செய்கிறாள். அவளுடைய தம்பி மூன்று வருடமாக அந்த வீட்டுப் பின்னறையில் குடியிருக்கிறான். முப்பது வயது ஆள். மாமாவுக்கு உதவியாளாக அதே வேலை. கெட்டவன் இல்லை. ஆனால் செருப்பை மாட்டிக்கொண்டு தெருமுனை வரை போன பிறகுதான் அது அக்கா செருப்பு என்று அவனுக்குத் தெரியும். அதனால் எக்ஸ்பிரஸ் என்று பெயர்.

எக்ஸ்பிரஸுக்கு அட்டை வரவேண்டிய மாதம் அது. ஆலை இன்ஸ்பெக்டர் கையெழுத்துப் போட்டுக் கொடுக்கிற அட்டை. அது கையில் இருந்தால் தனியாக மெஷினை ஓட்டலாம், வேறு ஊர் ஆலைகளுக்குப் போகலாம், அக்கா வீட்டுப் பின்னறையில் சுருண்டு கிடக்க வேண்டாம். பின்னறை காலியானால் தையல் மெஷின் அங்கே போகும், மேசை சூட்டுக்காரருக்குக் கிடைக்கும். வீடே அந்த அட்டைக்குக் காத்திருந்தது. நான் காத்திருக்கவில்லை என்பதையும் சொல்லிவிடுகிறேன். அவருக்கு மேசை கிடைத்தால் எனக்குப் படி போய்விடும்.

அட்டைக்கு ஒரே நிபந்தனை: யார் துணையும் இல்லாமல் ஒரு வேலையை முடித்துக் காட்டவேண்டும். அந்த வேலைக்கான சார்ட்டில் இன்ஸ்பெக்டரும் மூத்த ஆளும் கையெழுத்துப் போடவேண்டும். சார்ட் என்பது சூடு ஏறி இறங்குவதை மெஷினே பேனா வைத்து வரைகிற நீளக் காகிதம். புதன்கிழமை எக்ஸ்பிரஸ் தன்னந்தனியாக இரண்டு மூட்டுகளுக்குச் சூடு வைத்தான். ஒன்று நேர் பைப்பில், மற்றது ஒரு பெரிய வால்வின் ஓரத்தில். வெள்ளிக்கிழமை இன்ஸ்பெக்டர் கையெழுத்துப் போட்டார். மூத்த ஆள் நம் சூட்டுக்காரர்தான்.

சனிக்கிழமை சாயங்காலம் நான் ஒரு ரவிக்கையைப் பிரித்துவிடக் கொடுக்க மேலே போனேன். ரவிக்கை சுருங்கிவிட்டது, அவ்வளவுதான். படியில் சூட்டுக்காரர் சார்ட்டை விரித்து வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தார்.

"என்னண்ணே, கோடு கோணலா போயிடுச்சா?" என்றேன்.

"கோணலா போயிருந்தா நிம்மதியா இருந்திருப்பேன்மா."

குனிந்து பார்த்தேன். ஒரு சிவப்புக் கோடு, ஒரு பச்சைக் கோடு. இரண்டும் ஒட்டிக்கொண்டே ஏறி, ஒட்டிக்கொண்டே நின்று, ஒட்டிக்கொண்டே இறங்கின.

"அழகாத்தானே இருக்கு? ரெட்டைப் பிள்ளைங்க மாதிரி."

"அதான் இடிக்குது" என்றவர், உள்ளே பார்த்துக் கூப்பிட்டார். "மாப்ளே, கொஞ்சம் வாயேன்."

எக்ஸ்பிரஸ் தட்டோடு வந்தான்.

"பச்சைக் கோடு எந்த மூட்டு?"

"வால்வு ஓரத்து மூட்டு, மாமா."

"வால்வு எவ்வளவு கனம்?"

"நாலு பேர் சேர்ந்தாலும் அசைக்க முடியாது."

"அப்ப அது எவ்வளவு சூட்டைக் குடிக்கும்? பக்கத்துல இருக்கிற மூட்டு பின்தங்கித்தானே வரும்? பதினெட்டு வருஷமா பாக்கறேன், வால்வு ஓரத்து மூட்டு ஒண்ணுகூட நேரத்துக்கு வந்ததில்ல."

"இது வந்துடுச்சு மாமா."

"எந்த பஸ்ல?"

எக்ஸ்பிரஸின் வாயில் இருந்தது வாயிலேயே நின்றது. அப்புறம் மெதுவாக விஷயம் வந்தது. மூட்டின் மேல் ஒரு மெல்லிய கம்பியை ஒட்டிவைப்பார்கள். அதுதான் மூட்டின் சூட்டை மெஷினுக்குச் சொல்லும். வால்வு ஓரத்தில் அந்தக் கம்பி மூன்று தடவை பிடுங்கிக்கொண்டு வந்துவிட்டது. பச்சைப் பேனா அசையவே இல்லை. கம்பி ஒட்டுகிற கருவிக்குப் பேட்டரி மாற்ற ஸ்டோருக்குப் போனால் அரை நாள் போய்விடும். நேர் பைப்பிலிருந்து வந்த கம்பியையே பச்சைப் பேனாவுக்கும் சேர்த்து முடுக்கிவிட்டான். ஒரு மூட்டு சொன்னதை இரண்டு பேனாவும் எழுதின.

"ஆனா பட்டை கட்டி ஹீட்டரைப் போட்டேன் மாமா. சத்தியமா சூடு ஏறிச்சு. கை வெச்சா பொசுங்கியிருக்கும்."

"கை வெச்சுப் பாத்து எழுதிக் குடுக்கறதுன்னா எனக்கு எதுக்குடா மெஷினு? உன் கையை மட்டும் கூட்டிட்டுப் போறேன்."

அதற்குள் அக்காக்காரி வாயில் இரண்டு குண்டூசியைக் கவ்வியபடி வெளியே வந்தாள். ஊசியை எடுத்துவிட்டுக் கேட்டாள், "பெரிய இன்ஸ்பெக்டரே போட்டுட்டாரு. நீங்க ஒரு கையெழுத்துப் போட்டா கை சுளுக்கிக்குமா?"

"அவரு ஒரு நாளைக்கு நாப்பது சார்ட் பாக்கறவரு. எழுநூத்தி இருபதைத் தொட்டுச்சா, ரெண்டு மணி நேரம் நின்னுச்சான்னு பாப்பாரு. பக்கத்துல வால்வு இருக்குன்னு பேப்பர்ல போட்டிருக்காது."

"அப்ப இது உங்களுக்கு மட்டும்தான் தெரியும்."

சொல்லிவிட்டு என்னைப் பார்த்தாள். நான் ரவிக்கையைப் பார்த்தேன்.

"சரியா சூடாகலேன்னா என்னதான் ஆகும்?" என்று கேட்டாள்.

"இன்னிக்கு ஒண்ணும் ஆகாது. அடுத்த வருஷமும் ஆகாம இருக்கலாம். ஒரு நாள் நீராவி உள்ள போயிட்டிருக்கும்போது வாயைப் பிளக்கும். கீழ எவன் நடந்து போறானோ, அவன் தலைவிதி."

"ஒருவேளை நல்லாவே சூடாகியிருந்தா?"

"இருக்கலாம். நாளைக்கே போய் அளந்து பாக்கறேன்" என்றார். எக்ஸ்பிரஸ் அந்த 'இருக்கலாம்' என்ற வார்த்தையைப் பிடித்துக்கொண்டு ராத்திரி தூங்கியிருப்பான்.

ஞாயிற்றுக்கிழமை பத்து மணிக்கு மாமனும் மச்சானும் ஒன்றாக ஆலைக்குள் போனதாக என் வீட்டுக்காரர் சொன்னார். பன்னிரண்டுக்கு வெளியே வரும்போது இருவருக்கும் நடுவில் இருபது அடி இடைவெளி. உலோகம் எவ்வளவு விறைப்பு என்று சொல்ல ஒரு சின்னக் கருவி இருக்கிறது. இருநூற்று நாற்பதைத் தாண்டக்கூடாது. நான்கு இடத்தில் வைத்துப் பார்த்தார்கள். நான்கிலும் முந்நூறுக்கு மேல்.

அன்று மத்தியானம் நான் படியைக் கழுவ ஆரம்பித்தேன். மாதத்துக்கு ஒருமுறையாவது கழுவவேண்டும் இல்லையா.

"திரும்பச் சூடு வெச்சா சரியாயிடும்தானே?" அக்காக்காரியின் குரல். "நீங்களே கமுக்கமா வெச்சு முடிச்சிடுங்க. யாருக்குத் தெரியப்போகுது?"

"பன்னெண்டு மணி நேரம் கரண்ட் இழுக்கற வேலை. கமுக்கமா செய்ய அது என்ன திருட்டு பீடியா? சார்ட்ல தேதி விழும். ஒரு மூட்டுக்கு எதுக்கு ரெண்டு சார்ட்டுன்னு கேப்பாங்க."

"கேட்டா வேலையை விட்டே துரத்திடுவாங்க மாமா" என்றான் எக்ஸ்பிரஸ். அழுகிற குரல்.

"துரத்தலாம். நாளைக்கு எட்டு மணிக்கு இன்ஸ்பெக்டர் வருவாரு. எட்டே காலுக்கு நான் போய்ச் சொல்லுவேன். அதுக்கு முன்னாடி நீ போனா, நீயா வந்து சொன்னதா இருக்கும். நான் போனப்புறம் போனா, மாட்டிக்கிட்டதா இருக்கும். கால் மணி நேரம் உனக்குத்தான்."

"கூடப் பொறந்தவனா இருந்தா இப்படிப் பண்ணுவீங்களா?" என்றாள் அவள். அவர் சொன்ன பதில் என் வாளித் தண்ணீர்ச் சத்தத்தில் கேட்கவில்லை. அவசரப்பட்டு ஊற்றிவிட்டேன்.

திங்கட்கிழமை நடந்ததை என் வீட்டுக்காரர் வாசலில் நின்று பார்த்தார். எப்போதும் கடைசி சங்கு ஊதும்போது ஓடிவருகிற எக்ஸ்பிரஸ் ஏழு இருபதுக்கே வந்துவிட்டான். இன்ஸ்பெக்டர் அறைக்கு எதிரே தண்ணீர்க் குழாயில் தண்ணீர் குடித்தான். எட்டுக்கு இன்ஸ்பெக்டர் வந்தார். எக்ஸ்பிரஸ் ஷூ கயிற்றை அவிழ்த்துக் கட்டினான். மறுபடி தண்ணீர். எட்டு பத்துக்கு, முற்றத்தின் அந்தக் கோடியில் சூட்டுக்காரர் சார்ட்டைக் கக்கத்தில் இடுக்கிக்கொண்டு வருவது தெரிந்தது. அவர் எப்போதும் நடக்கிற நடைதான், கூட்டவுமில்லை குறைக்கவுமில்லை. எக்ஸ்பிரஸ் அவரைப் பார்த்தான். என் வீட்டுக்காரர் கடிகாரத்தைப் பார்த்தார். எட்டு பன்னிரண்டுக்கு எக்ஸ்பிரஸ் கதவைத் தட்டாமலே உள்ளே போய்விட்டான்.

உள்ளே கத்தல் பலமாக இருந்ததாம். தானும் கையெழுத்துப் போட்ட காகிதம் என்பதால் இன்ஸ்பெக்டருக்குக் கோபம் இரட்டிப்பு. அந்த வாரத்துச் சார்ட்டை எல்லாம் திரும்ப எடுத்துவரச் சொன்னார். தானாக வந்து சொன்னதால் வேலை தப்பியது. அட்டை இன்னும் ஒரு வருடத்துக்குக் கிடையாது. செவ்வாய்க்கிழமை காலை ஆறிலிருந்து சாயங்காலம் வரை மாமனும் மச்சானும் அந்த மூட்டுக்குப் பட்டை கட்டி, போர்வை சுற்றி, பக்கத்தில் உட்கார்ந்தார்கள். பச்சைக் கோடு சோம்பேறித்தனமாகப் பின்னாலேயே வந்தது. மறுநாள் அளந்தபோது இருநூற்றுப் பதினைந்து. ஆலைக்கு விஷயம் முடிந்துவிட்டது.

வீட்டுக்கு முடியவில்லை. அக்காக்காரி புருஷனோடு பேச்சை நிறுத்தினாள். "அக்கா, படியில உக்காந்திருக்கிறவருகிட்ட சோறு ஆறுதுன்னு சொல்லுங்க" என்று என்னிடம் சொல்லி அனுப்புவாள். நான் இரண்டு வார்த்தை சேர்த்துச் சொல்வேன். பதினோரு நாள் இந்த உத்தியோகம் பார்த்தேன்.

எக்ஸ்பிரஸ் வேறு வழி கண்டுபிடித்தான். ஆலையில் எல்லோரும் கூப்பிடுகிற மாதிரி வீட்டிலும் கூப்பிட ஆரம்பித்தான். "குளிச்சிட்டீங்களா, சார்?" "பேப்பர் வேணுமா, சார்?" சூட்டுக்காரர் ஒவ்வொரு தடவையும் நிமிர்ந்து பார்ப்பார். அடித்திருந்தால்கூட அந்த மனிதருக்கு அவ்வளவு வலித்திருக்காது.

பன்னிரண்டாம் நாள் அவர் படியில் சார்ட்டோடு இருந்தார். நான் கைப்பிடியைத் துடைத்துக்கொண்டிருந்தேன். எக்ஸ்பிரஸ் எட்டிப் பார்த்து, "சார், அக்கா தட்டு வெச்சிடுச்சு" என்றான்.

உள்ளே தையல் மெஷின் சத்தம் நின்றது. கழுத்தில் அளவு டேப்போடு அக்காக்காரி வந்தாள்.

"யாருடா சாரு? இங்க யாரு சாரு?"

"நீ மட்டும் பேசாம இருக்கல்ல?"

"நான் பேசாம இருப்பேன், கத்துவேன், தட்டைத் தூக்கிப் போடுவேன். அது எனக்கும் அவருக்கும். மூணு வருஷம் மாமா மாமான்னு பின்னாடியே சுத்தின வாயி, இப்ப என்ன கோணிக்கிச்சா? அவரு சொல்லிக்குடுத்த வேலையைச் சரியா செஞ்சிருந்தா இந்தப் பேச்சே இல்லையேடா!"

எக்ஸ்பிரஸ் தரையைப் பார்த்தான்.

"விடேன், சின்னப் பையன் மாதிரி ஏதோ..." என்று ஆரம்பித்தார் சூட்டுக்காரர்.

"உங்ககிட்ட நான் பேசல."

"சரி."

"அவன்கிட்ட பேசிட்டிருக்கேன்."

"சரி, சரி."

"எந்திரிங்க. ஆறிப்போகுது."

எக்ஸ்பிரஸ் குனிந்து சார்ட்டைச் சுருட்டினான். நிதானமாக, ஓரம் மடங்காமல் சுருட்டினான். "வாங்க மாமா" என்றான்.

மூவரும் உள்ளே போனார்கள். அக்காக்காரி திரும்பி என்னை ஒரு பார்வை பார்த்துவிட்டுக் கதவைச் சாத்தினாள். தாழ்ப்பாளும் போட்டாள். உள்ளே என்ன பேசிக்கொண்டார்கள் என்று எனக்குத் தெரியாது. கைப்பிடியை இன்னும் அரை மணி நேரம் துடைத்துப் பார்த்தேன்.