அத்தையின் பச்சை நாக்கு

மாமியார் கொட்டாவி விட்டபோதுதான் மருமகள் பார்த்தாள். நாக்கு பச்சை. கீரை தின்ற பச்சை இல்லை, நல்ல கிளிப்பச்சை.

"அத்தை, வாயைத் திறங்க."

"எதுக்கு? நான் என்ன பச்சைக் குழந்தையா?"

"திறங்கன்னா திறங்க."

மருமகளுக்கு ரத்தப் பரிசோதனைக் கூடத்தில் வேலை. ஊரார் ரத்தத்தையெல்லாம் குழாயில் பிடித்து அளவு சொல்கிறவளுக்குச் சொந்த வீட்டு ரத்தம் ஏன் ஏறவில்லை என்பது மட்டும் பிடிபடாமலே இருந்தது. அத்தைக்குக் கர்ப்பப்பையில் கட்டி. மாதாமாதம் ரத்தம் கொட்டித் தீர்த்ததில் ஆள் வெளுத்துப்போயிருந்தாள். மாடிப்படி ஏறினால் பாதியில் உட்கார்ந்துவிடுவாள். "ஹீமோகுளோபின் பத்தைத் தொடட்டும், அப்புறம்தான் கத்தி வைப்பேன்" என்று டாக்டரம்மா கறாராகச் சொல்லி இரும்பு மாத்திரை எழுதிக் கொடுத்திருந்தார். எட்டைத் தாண்டுவேனா என்று அது அடம்பிடித்தது. ஆபரேஷன் தேதி ஏற்கெனவே இரண்டு முறை தள்ளிப்போய்விட்டது. இன்னொரு முறை தள்ள முடியாது.

அத்தையின் துணி அலமாரியைக் குடைந்தாள். புடவைகளுக்குப் பின்னால் பாட்டில்கள் வரிசையாக நின்றன. ஒவ்வொன்றிலும் ஓர் இலைப் படம், அதன் கீழே கொட்டை எழுத்தில் 'பச்சையம்'. பக்கத்திலேயே மாத்திரை அட்டைகள், ஒன்றுகூடக் கிழிபடாமல்.

பாட்டில் வந்த வழியைக் கேட்கவே வேண்டாம். அத்தையின் தம்பி வேலை பார்த்த கம்பெனியை மூடிவிட்டார்கள். இப்போது தோள்பையைத் தூக்கிக்கொண்டு வீடு வீடாக இதைத்தான் விற்கிறார். அன்று சாயங்காலமே வந்தார். மருமகள் பாட்டிலை மேஜை மேல் வைத்துக்கொண்டு காத்திருந்தாள்.

"மாமா, மாத்திரையை நிறுத்தச் சொன்னது நீங்களா?"

"ஆமாம்மா. ரெண்டும் சேர்ந்தா பச்சையம் வேலை செய்யாது. பச்சையம்னா சும்மாவா? இலையோட ரத்தம்மா அது!" பையிலிருந்து ஒரு வழவழப்பான அட்டையை எடுத்து நீட்டினார். "பாரு, அதுக்கும் நம்ம ரத்தத்துக்கும் ஒரே அச்சு. படிச்ச பொண்ணு, உனக்குத் தெரியாததா?"

அட்டையில் இருந்தது பொய் இல்லை. அதுதான் அவளுக்கு எரிச்சலாக வந்தது. முழுப் பொய்யென்றால் ஊதித் தள்ளிவிடலாம்.

"அச்சு ஒண்ணுதான் மாமா. நடுவுல இருக்கறது வேற. இதுல மக்னீசியம், ரத்தத்துல இரும்பு. ஒரே மாதிரி ரெண்டு டப்பா, ஒண்ணுல உப்பு, ஒண்ணுல சர்க்கரைன்னா, எதை எடுத்தாலும் இனிக்குமா?"

"அப்ப பச்சையத்துக்கு ஒரு வேலையும் இல்லையா?"

"இருக்கே. வெயிலை வாங்கி, தண்ணியையும் காத்தையும் வச்சு இலைக்குச் சாப்பாடு பண்ணித் தருது. நம்ம வயித்துக்குள்ள ஏது வெயில்? இதைக் குடிச்சே பசியாறலாம்னா நாளையிலேருந்து அடுப்பே வேணாம், எல்லாரும் மொட்டை மாடியில போய் நிக்கலாம்!"

மாமாவின் முகம் சுண்டிப்போயிற்று. காப்பியைக்கூடக் குடிக்காமல் எழுந்து போய்விட்டார்.

அத்தை பாய்ந்தாள். "அவனை ஏன் இப்படி வறுத்தெடுக்கற? எனக்கு மட்டும் தெரியாதா, இது வெறும் பச்சைத் தண்ணின்னு?"

மருமகளுக்குத் தூக்கிவாரிப் போட்டது. "தெரிஞ்சேவா குடிக்கறீங்க?"

"வேலை போனதிலேருந்து அவன் சுவத்தையே பாத்துக்கிட்டுக் கிடந்தான். இந்தப் பையை மாட்டிக்கிட்டு வந்த அன்னிக்குத்தான் சிரிச்சான். நானே குடிக்கலைன்னா வேற யாரு குடிப்பா, சொல்லு?"

கோபமும் அழுகையும் சேர்ந்து வந்தன. ஆனால் மருமகள் அழவில்லை. அட்டையைக் கிழித்து ஒரு மாத்திரையை எடுத்து அத்தையின் உள்ளங்கையில் வைத்தாள்.

"சரி, இதையும் போடறேன், அதையும் குடிக்கறேன். அவன்கிட்ட மூச்சு விடாதே" என்று அத்தை பேரம் பேசினாள்.

"போடுங்க. ரத்தம் ஏறும். ஏறினதும், 'பாத்தீங்களா பச்சையத்தோட மகிமை'ன்னு மாமா ஊரெல்லாம் சொல்வார். அதைக் கேட்டு இன்னொருத்தி மாத்திரையைத் தூக்கிப் போடுவா. அவளுக்கு யாரு பதில் சொல்றது?"

அத்தை தண்ணீர்ச் செம்பை எடுத்தாள். மாத்திரையை விழுங்கினாள்.

அன்றிலிருந்து மருமகள் விட்டதே இல்லை. தினமும் எலுமிச்சைச் சாறும் மாத்திரையுமாக எதிரில் போய் நிற்பாள், தொண்டைக்குழி ஏறி இறங்கும் வரை நகர மாட்டாள். வயிறு கல்லாகிவிட்டது என்று அத்தை புலம்பினாள், போலீஸ்காரி என்று திட்டினாள். மருமகள் காதிலேயே வாங்கிக்கொள்ளவில்லை. ஒருநாள் பரிசோதனைக் கூடத்தில் அத்தையின் அளவு பத்தைத் தொட்டு நின்றபோது, சந்தேகத்தில் மறுபடியும் போட்டுப் பார்த்தாள். அதே பத்துதான். டாக்டரம்மா தேதி கொடுத்துவிட்டார்.

சேதி மாமாவுக்கும் எட்டியது. மறுநாளே வந்து நின்றார், கூடவே ஒரு கர்ப்பிணிப் பெண். உதடெல்லாம் வெளிறி இருந்தது.

"என் அக்காவே சாட்சி. சொல்லுக்கா, எதைக் குடிச்சு உனக்கு ரத்தம் ஏறுச்சு?"

அந்தப் பெண் அத்தையைப் பார்த்தாள். "அப்ப மாத்திரையை நிறுத்திடலாமாம்மா? எனக்கு ஒத்துக்கவே மாட்டேங்குது."

மருமகள் வாயைத் திறந்தாள். அத்தை கையமர்த்தினாள். தம்பியைப் பார்த்தாள், பிறகு அந்தப் பெண்ணின் வயிற்றைப் பார்த்தாள்.

"நிறுத்திடாதேம்மா. ஒத்துக்கலைன்னா டாக்டர்கிட்ட சொல்லு, வேற மாத்தித் தருவாங்க. எனக்கு ஏறினது மாத்திரையாலதான். இதைக் குடிச்சு நாக்குதான் பச்சையாச்சு."

அந்தப் பெண் போய்விட்டாள். மாமா யார் முகத்தையும் பார்க்காமல் பையை எடுத்துத் தோளில் மாட்டிக்கொண்டார்.

"எங்கே கிளம்பற? உட்காரு" என்றாள் அத்தை.

"இருந்து என்ன பண்ணப்போறேன்? இதுவும் போச்சு."

"போகட்டும். பச்சையம் இலைக்குத்தான்டா சோறு போடும். உனக்கு நான் போடறேன். வேற வேலை கிடைக்கற வரைக்கும் இங்கதான் சாப்பிடணும், சொல்லிட்டேன்."

மாமா நின்றுகொண்டே இருந்தார். மருமகள் அவர் தோளிலிருந்து பையைக் கழற்றி ஆணியில் மாட்டினாள். பிறகு உள்ளே போய் இன்னொரு தட்டு எடுத்து வந்தாள்.