ஆர்சி புக்குல இருந்த பேரு

சேதுமாதவன் சாருக்கு வலது கை மணிக்கட்டு ஒடஞ்சப்போ அவரு சிதம்பரம் கீழவீதியில, வீட்டு சோபாவுல உக்காந்து டிவி பாத்துக்கிட்டு இருந்தாரு. விழுந்தது அவரு இல்ல. முப்பது கிலோமீட்டருக்கு அந்தாண்ட ஆலப்பாக்கத்துல புல்லட்டோட விழுந்தது பொன்னுரங்கம். பொன்னுரங்கத்துக்கு சட்டையில மண்ணு ஒட்டுனதோட சரி.

அது 86 மாடல், முன்னூத்தம்பது சிசி. சார் காலேஜ் ஆபீஸ்ல ரிட்டயர் ஆனதும், ஸ்டாண்ட் போட இடுப்பு ஒத்துக்கலைன்னு பொன்னுரங்கத்துக்கு வித்தாரு. பொன்னுரங்கம் செம்மங்குப்பத்துல ஒரு கெமிக்கல் கம்பெனியில பாய்லர் பாக்குறவரு. பதினெட்டு வயசுலேருந்து புல்லட் ஆசை, கைக்கு வந்தப்போ நாப்பத்தாறு. சார் பேரு மாத்துற ஃபாரத்துல கையெழுத்து போட்டு குடுத்தாரு. இவரும் ஒரே மாசத்துல மாத்திடுறேன் சார்னாரு. நம்ம பக்கம் பழைய வண்டி வாங்குற யாரும் ஒடனே பேரு மாத்துறது கெடையாது. ஆர்டிஓ ஆபீசுக்கு நாலு நடை நடக்கணும், கம்பெனியில லீவு தரமாட்டான். ஃபாரம் பீரோவுக்குள்ள போச்சு. அந்த மாடல்ல கியர் வலது காலு, பிரேக் எடது காலு. இருவது வருஷம் வேற வண்டி ஓட்டுன காலு அவருக்கு. நாய் குறுக்க வந்தா வலது காலத்தான் அமுக்குவாரு, வண்டி நிக்காது. நாலு மாசத்துல அஞ்சு தடவ விழுந்தாரு. ஒவ்வொரு தடவையும் ரத்தம் சிதம்பரத்துல வந்துது. டாக்டரு, "எங்கியோ விழுந்திருக்கீங்க சார், மறைக்காதீங்க"ன்னாரு. "சோபாவுலேருந்தா டாக்டர்?"னு சார் கேட்டாரு.

சாரோட சம்சாரம் ஸ்வர்ணலதா அம்மா தான் பொன்னுரங்கம் விழுந்த நேரத்த போன்ல கேட்டு, சாருக்கு அடிபட்ட நேரத்தோட ஒத்துப் பாத்து கண்டுபுடிச்சாங்க. அடி வண்டி ஓட்டுறவனுக்கு இல்ல, ஆர்சி புக்குல யாரு பேரு இருக்கோ அவுங்களுக்குன்னு. மாவுக்கட்டோட சார் பஸ் ஏறி ஆலப்பாக்கம் வந்தாரு. கோவப்படல.

"தம்பி, வண்டி உன்னுது. அடியும் உன்னுதா இருந்தா நல்லாருக்கும்ப்பா."

பொன்னுரங்கம் வெக்கப்பட்டு அந்த நிமிஷமே பீரோவ தொறந்தாரு. ஃபாரம் இல்ல. அவரு சம்சாரம் அருள்மொழி, "எலி கடிச்சி போட்டுது, பெருக்கி தள்ளிட்டேன்"னு சொல்லிச்சு. வேற ஃபாரத்துல கையெழுத்து வாங்கலாம்னா ஒடஞ்சது கையெழுத்து போடுற கை. கட்டு பிரிக்க ஆறு வாரம். அதுவரைக்கும் வண்டிய எடுக்க மாட்டேன்னு சத்தியம் பண்ணி சாரை பஸ் ஏத்தி உட்டாரு. திரும்பி வந்தப்போ அருள்மொழி அழுவாம சொல்லிச்சு. "ஃபாரம் என்கிட்ட தாங்க இருக்கு. அவரு பொண்ணுங்கள கட்டிக்குடுத்துட்டாரு. நமக்கு ரெண்டும் ஸ்கூல்ல. உங்களுக்கு ஒண்ணு ஆச்சின்னா யாரு இருக்கா?" பொன்னுரங்கம் கத்துனாரு, சாப்புடாம படுத்தாரு. ஃபாரத்த மட்டும் அது குடுக்கல. அவரும் பிடிவாதமா கேக்கலங்கறத இங்க சொல்லித்தான் ஆவணும்.

முப்பது நாளு பஸ்ஸுல போனாரு. மூணு நாள் லேட்டுன்னு மெமோ குடுத்தாங்க. முப்பத்தொண்ணாவது நாளு காலையில பஸ் வரல, வண்டிய எடுத்தாரு. கரும்பு டிராக்டர் ஒண்ணு சிக்னல் போடாம திரும்புச்சு, வலது காலு கியர அமுக்குச்சு. ரோட்டுல கொஞ்ச தூரம் இழுத்துக்கிட்டு போயி, எழுந்து நின்னு, ஒடம்ப தடவி பாத்தாரு. ஒரு கீறல் இல்ல. அங்கியே உக்காந்து தலையில அடிச்சிக்கிட்டாரு. டிராக்டர்காரன், "ஒண்ணும் ஆவலயே மச்சான், ஏன் அழுவுற?"ன்னு தண்ணி குடுத்தான். அந்நேரம் ஸ்வர்ணலதா அம்மா சாருக்கு சட்ட பட்டன் போட்டு உட்டுக்கிட்டு இருந்தாங்க. மூணாவது பட்டன்ல அவரு சரிஞ்சாரு.

பதினாறாம் நாள் காரியத்துக்கு அருள்மொழி ஃபாரத்த எடுத்துக்கிட்டு போயி அந்தம்மா கையில குடுத்து, ஒளிச்சி வச்சது நான் தாம்மான்னு சொல்லிச்சு. அந்தம்மா ரொம்ப நேரம் கையெழுத்தையே பாத்தாங்க. "தெளிவாத்தான் போட்டிருக்காரு"ன்னாங்க. செத்தவரு கையெழுத்து செல்லாதுன்னு ஆபீஸ்ல சொன்னதால, அந்தம்மா வாரிசு சர்டிபிகேட் வாங்கிக்கிட்டு கடலூர் ஆர்டிஓ ஆபீசுக்கு வந்தாங்க. கிளார்க் யாரு பேருக்குன்னு கேட்டாரு. பொன்னுரங்கம் வாய தொறக்கறதுக்குள்ள அருள்மொழி முன்னாடி வந்துது.

"இவரு சம்பாதிக்கிற ஒடம்பு சார். என் பேர எழுதுங்க."

பொன்னுரங்கம் வேணாம் வேணாம்னாரு. ஸ்வர்ணலதா அம்மா அருள்மொழிய பாத்தாங்க, பேனாவ எடுத்து அது கையில குடுத்தாங்க.

வண்டிய விக்க பாத்தாங்க, ஊருக்கே விஷயம் தெரிஞ்சதால ஆளு வரல. வேலைக்கு போயாவணும், பஸ் நிலைமை மாறல. இப்ப பொன்னுரங்கம் இருவதுலதான் ஓட்டுறாரு, சைக்கிள்காரங்க தாண்டி போறாங்க. காலையில அஞ்சர மணிக்கு வண்டி கெளம்புனதும் அருள்மொழி அடுப்ப அணைச்சிட்டு, சுவத்துல சாஞ்சி, கால நீட்டி தரையில உக்காந்துக்கும். பொண்ணுங்க ரெண்டும் அந்நேரம் அம்மாவ கூப்புட மாட்டாங்க. இருவத்தஞ்சு நிமிஷத்துல கம்பெனி கேட்டுலேருந்து மிஸ்டு கால் வரும். எழுந்து போயி சோறு வடிக்கும்.