மாமா தழும்பும் மச்சான் தழும்பும்

காலை ஆறு மணிக்கு வயிற்றின் வலப்பக்கம் பிடித்துக்கொண்டது. எட்டு மணிக்கு ஆஸ்பத்திரிக் கட்டிலில் சுருண்டு கிடந்தேன். குடல்வால் வீங்கியிருக்கிறது, உடனே எடுக்க வேண்டும் என்றார் டாக்டரம்மா.

“துளை போட்டும் எடுக்கலாம், கிழிச்சும் எடுக்கலாம். உங்களுக்குத் துளையே போதும். ஃபாரத்துல கையெழுத்துப் போட்டுக் குடுங்க, ஆரம்பிச்சிடலாம்” என்று சொல்லிவிட்டு அடுத்த வார்டுக்குப் போனார்.

காகிதத்தை என் தாய்மாமா வாங்கிக்கொண்டார். எங்கள் குடும்பத்தில் எந்தக் காகிதமும் முதலில் அவர் கைக்குத்தான் போகும்.

“துளையாவது மண்ணாவது. வயித்துக்குள்ள இருக்கிறத டிவியில பாத்தா அறுப்பாங்க?” என்று சட்டையைத் தூக்கினார். முப்பது வருடத் தழும்பு, ஒரு சாண் நீளம். “இதுக்குப் பேரு ஆபரேஷன்.”

மச்சான், அதாவது என் மனைவியின் அண்ணன், சும்மா இருப்பாரா? அவரும் சட்டையைத் தூக்கினார். மூன்று புள்ளிகள், தேடித்தான் பார்க்க வேண்டும். “நாலாம் நாள் ஆபீஸ் போயிட்டேன். உங்கள மாதிரி மாசக்கணக்கா படுத்துக் கெடக்கல.”

பக்கத்துக் கட்டில்காரர்கள் எழுந்து வந்து பார்த்தார்கள். வார்டு இரண்டு கட்சியானது. நர்ஸ் வந்தபோது அவர்கள் இருவர் வயிறும் திறந்திருந்தது, என் வயிறு மட்டும் போர்வைக்குள் இருந்தது.

“இதுல ஆபரேஷன் யாருக்கு?” என்றார் நர்ஸ்.

“நீங்களே சொல்லித் தொலைங்களேன்” என்று மனைவி என் காதில் சொன்னாள். உயிர் போகிற வலியிலும் எனக்கு மாமா முகம் சுளிப்பாரே, மச்சான் முறுக்கிக்கொள்வாரே என்றுதான் கவலை. “அவங்க பேசி முடிக்கட்டும்” என்றேன். என்னைப்போல் மடையன் கிடையாது.

பதினோரு மணிக்கு வலி சட்டென்று குறைந்தது. சொன்னேன். இருவரும் முதன்முறையாக ஒத்துப்போனார்கள்: ஆபரேஷனே வேண்டாம். மாமா ஃபாரத்தை நாலாக மடித்துப் பைக்குள் வைத்தார். மச்சான் டீ வாங்கக் கிளம்பினார். மனைவி மட்டும் நர்ஸிடம் ஓடினாள்.

டாக்டரம்மா வந்து வயிற்றைத் தொட்டுப் பார்த்தார். “நல்லாகல. குடல்வால் வெடிச்சிருக்கு, அதான் வலி கொறஞ்ச மாதிரி இருக்கு. காலையில குடுத்த ஃபாரம் எங்க?”

மாமா எடுத்து நீட்டினார். “எதுன்னு முடிவாகலையேம்மா. நான் கையெழுத்துப் போடறதா, அவர் போடறதான்னும்...” என்று டீயோடு திரும்பிய மச்சானைக் காட்டினார்.

“நீங்க ரெண்டு பேரும் எதுக்குப் போடணும்?”

காகிதத்தை என் மார்மேல் வைத்தார். அடியில் ஒரு கோடு, அதன் கீழே ‘நோயாளியின் கையொப்பம்’. பதிவு அலுவலகத்தில் பதினெட்டு வருடமாக, “படிச்சுப் பாத்து நீங்களே போடுங்க” என்று ஊருக்கே சொல்கிற எழுத்தர் நான். எனக்கு வெட்கமாக இருந்தது. அதைவிடப் பயமாக இருந்தது. கோணல்மாணலாகப் போட்டேன்.

துளை போட்டுத்தான் தொடங்கினார்களாம். உள்ளே சீழ் பரவிக் கிடந்ததால் கிழிக்க வேண்டியதாயிற்று. கண் விழித்தபோது மூன்று புள்ளிகளும் இருந்தன, ஒரு சாண் கோடும் இருந்தது.

“நான் சொன்னதுதானே நடந்துச்சு” என்றார் மாமா.

“முதல்ல துளைதானே போட்டாங்க” என்றார் மச்சான். பார்க்க வந்தவர்களுக்கெல்லாம் என் போர்வையை ஆளுக்கொரு பக்கம் தூக்கிக் காட்டினார்கள்.

பன்னிரண்டாம் நாள், வீட்டுக்கு அனுப்பும் காகிதத்தோடு நர்ஸ் வந்தார். மாமா கையை நீட்டினார், மச்சானும் நீட்டினார். நான் இருவர் கையையும் தாண்டி எட்டி வாங்கினேன். தையல் சுரீரென்றது. படித்துப் பார்த்துக் கையெழுத்துப் போட்டேன்.

“எங்கள ஒரு வார்த்தை கேட்டிருக்கலாம்ல” என்றார் மாமா.

மச்சான் ஆமாம் என்று தலையாட்டினார். அவர்கள் இருவரும் ஒத்துப்போனது அது இரண்டாவது தடவை.