முதல் ஆயில் மாற்றும் வரை

கண்ணாடிக் கடையின் பின்னறையில் லென்ஸ் தேய்க்கிறவரை எல்லாரும் நிதானம் என்றுதான் கூப்பிட்டார்கள். பெற்றவர்கள் வைத்த பெயர் வேறு. அது அடையாள அட்டையோடு சரி. ஒரு லென்ஸைச் சட்டத்துக்குள் உட்கார வைக்க மற்றவர்களுக்கு ஆகும் நேரத்தைப் போல இரண்டு மடங்கு அவருக்கு ஆகும். முன்னால் வாடிக்கையாளர் குதித்துக்கொண்டிருந்தாலும் பின்னறையில் அவர் பாட்டுக்குத் தேய்க்கிற கல்லில் தண்ணீர் சொட்டுவதைப் பார்ப்பார், விளிம்பை விரலால் தடவுவார், மறுபடியும் கல்லில் வைப்பார். ஆனால் அவர் கை பட்ட கண்ணாடி சரியில்லை என்று திரும்பி வந்ததே கிடையாது. அதனால் முதலாளியும் பல்லைக் கடித்துக்கொண்டு சும்மா இருந்துவிடுவார்.

அப்படிப்பட்டவர் ஐம்பதை நெருங்கும் வயதில் முதன்முதலாக ஒரு புது மோட்டார் சைக்கிள் வாங்கினார். காரணம் அவருடைய அக்கா.

அக்கா அவரைவிடப் பதினோரு வயது மூத்தவள். அம்மா சின்ன வயதிலேயே போய்விட்டதால் அவருக்குத் தலை வாரிவிட்டதும், காய்ச்சலில் பக்கத்தில் படுத்ததும், பள்ளிக்கூடத்தில் அடித்த வாத்தியாரிடம் போய்ச் சண்டை போட்டதும் அக்காதான். இப்போது அவளுக்கு இரண்டு சிறுநீரகமும் கெட்டுப்போய், வாரத்துக்கு மூன்று நாள் ஆஸ்பத்திரியில் ரத்தம் சுத்தம் செய்துகொண்டிருந்தாள். அவள் இருந்த ஊருக்குப் பஸ்ஸில் போனால் இரண்டு இடத்தில் இறங்கி ஏற வேண்டும். போக ஒரு நாள், வர ஒரு நாள். சொந்த வண்டி இருந்தால் ஞாயிற்றுக்கிழமை காலையில் கிளம்பி, பார்த்துவிட்டு, இருட்டுவதற்குள் திரும்பிவிடலாம் என்று கணக்குப் போட்டார்.

வண்டி வந்த அன்றே அக்காவுக்குப் போன் செய்தார். அவள் முதலில் கேட்டது நிறத்தை. நீலம் என்றதும், சின்ன வயதில் அவர் அடம்பிடித்து அழுத பொம்மைக் காரும் நீலம்தான் என்று சிரித்தாள். பிறகு, தான் பின்னால் உட்கார்ந்தால் வண்டி தாங்குமா என்று கேட்டாள். அவள் இப்போது இருக்கிற எடைக்குச் சைக்கிளே தாங்கும் என்றார் இவர்.

"அப்ப இந்த ஞாயித்துக்கிழமையே எடுத்துட்டு வாயேன்டா. ஆஸ்பத்திரி வேனைத் தவிர வேற எதுலயும் ஏறி ரொம்ப நாளாச்சு."

"முதல் ஆயில் மாத்தட்டும்க்கா. அதுக்கு முன்னாடி ரொம்ப தூரம் ஓட்டக்கூடாது, ஆள் ஏத்தக்கூடாதுங்கறாங்க. மாத்தின அடுத்த ஞாயிறே வந்துடறேன்."

"சரி, மாத்திட்டே வா. நான் எங்க ஓடிடப் போறேன்."

அந்த முதல் ஆயிலை எப்போது மாற்றுவது என்பதில்தான் ஆளுக்கு ஒன்று சொன்னார்கள். வண்டியோடு வந்த புத்தகத்தில் எழுநூற்று ஐம்பது கிலோமீட்டர் அல்லது ஒரு மாதம், எது முந்துகிறதோ அது என்று போட்டிருந்தது. தெருமுனை மெக்கானிக் ஐநூறிலேயே மாற்றச் சொன்னார். கடையில் சட்டம் பூட்டுகிறவர், தன் மைத்துனன் முந்நூறில் மாற்றியதாகவும் அந்த வண்டி இன்றைக்கும் பூனை மாதிரி ஓடுவதாகவும் சொன்னார். காரணத்தை மட்டும் எல்லாரும் ஒரே மாதிரி சொன்னார்கள். புது இன்ஜினுக்குள் இரும்பும் இரும்பும் உரசிப் பழகும்போது கண்ணுக்குத் தெரியாத தூள் உதிரும். அது எண்ணெயில் கலந்து சுற்றும். அந்த எண்ணெயை வெளியே எடுக்கும்வரை ஐம்பதுக்கு மேல் போகக்கூடாது, ஒரே மூச்சில் ஓட்டக்கூடாது, நடுநடுவே நிறுத்தி ஆற வைக்க வேண்டும். நாள் முழுக்கக் கல்லும் கண்ணாடியும் உரசிப் பால் மாதிரி தண்ணீர் ஓடுவதைப் பார்க்கிறவருக்கு இதைச் சொல்லிப் புரியவைக்க வேண்டியதில்லை. ஐநூறில் மாற்றுவதென்று முடிவு செய்தார்.

ஆனால் வீட்டுக்கும் கடைக்கும் இருந்த தூரத்துக்கு மீட்டர் நகர்வேனா என்றது. மனைவி ஒருநாள் கிண்டலாகச் சொன்னாள், அக்கா வீட்டுக்கு ஒரு தடவை போய்வந்தால் ஐநூறு தன்னால் வந்துவிடுமே, வண்டியை எதற்கு வாங்கினோமோ அதற்குத் தவிர மற்ற எல்லாவற்றுக்கும் ஓட்டுகிறீர்களே என்று. அவரும் சிரித்தார். இன்னும் இரண்டு வாரம்தானே என்றார்.

அக்காவின் மகள் போன் செய்தது ஒரு வியாழக்கிழமை காலையில். மருந்துக் கடையில் வேலை பார்க்கிற பெண். எதையும் பதறாமல் சொல்லிப் பழகியவள்.

"மாமா, அம்மாவை ஆஸ்பத்திரியில சேர்த்திருக்கோம். மூச்சு விடக் கொஞ்சம் சிரமப்படறாங்க. முடிஞ்சா இன்னிக்கு வந்துட்டுப் போங்க."

பயப்படும்படி இருக்கிறதா என்று கேட்டார். டாக்டர் பார்த்துக்கொண்டிருக்கிறார், நீங்கள் வாங்க என்று மட்டும் சொன்னாள்.

பாதி தேய்த்த லென்ஸை அப்படியே தட்டில் வைத்துவிட்டு அவர் எழுந்ததைக் கடையில் யாரும் அதற்கு முன் பார்த்ததில்லை. பஸ்ஸை நம்பினால் இரவாகிவிடும் என்று வண்டியிலேயே கிளம்பினார். மனைவிக்குப் போனில் சொன்னபோது அவள், பார்த்துப் போங்க என்றாள்.

ஊரைத் தாண்டியதும் சாலை நேராகவும் காலியாகவும் கிடந்தது. அவர் மனம் முழுக்க அக்காவிடம் இருந்தது. போன மாதம் போனில் கேட்ட குரல் இளைத்திருந்ததா, இல்லை இப்போதுதான் அப்படித் தோன்றுகிறதா என்று யோசித்துக்கொண்டே போனார். கை மட்டும் அதன் பழக்கப்படி முள்ளை நாற்பத்தைந்துக்கும் ஐம்பதுக்கும் நடுவில் பிடித்து வைத்திருந்தது. லாரிகள் முந்திப் போயின. பின்னால் மனைவியையும் முன்னால் ஒரு மூட்டையையும் வைத்துக்கொண்டு ஓட்டை மொபெட்டில் போன ஒரு கிழவர்கூட முந்திப் போய், திரும்பி ஒரு பார்வை பார்த்தார். ஒரு மணி நேரம் ஆனதும் மர நிழலில் வண்டியை நிறுத்தினார். இன்ஜின் பக்கத்தில் உள்ளங்கையைக் காட்டி, சூடு தணியும் வரை நின்றார். பிறகு கிளம்பி, அடுத்த ஒரு மணி நேரத்தில் ஒரு பெட்ரோல் பங்கின் ஓரமாக மறுபடியும் நிறுத்தினார்.

அங்கே நின்று தண்ணீர் குடித்துக்கொண்டிருந்தபோது ஒரு பஸ் கடந்து போனது. நெற்றியில் அக்கா ஊரின் பெயர் இருந்தது. அது போய் மறையும்வரை பார்த்துக்கொண்டு நின்றவருக்கு, தான் என்ன செய்துகொண்டிருக்கிறோம் என்பது அப்போதுதான் உறைத்தது. தண்ணீர் பாட்டிலை மூடாமலே பைக்குள் திணித்தார். அதன்பிறகு எழுபது, எண்பது என்று முறுக்கிக்கொண்டு போனார். பஸ்ஸை முந்தினார், லாரிகளை முந்தினார். இன்ஜின் ஒரு முனகல்கூட இல்லாமல் ஓடியது.

ஆஸ்பத்திரிக்குப் போய்ச் சேர்ந்தபோது வெயில் இன்னும் இறங்கவில்லை. மாடியில் வராந்தா பெஞ்சில் அக்காவின் மகள், அம்மாவின் செருப்பை மடியில் வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தாள். அவரைப் பார்த்ததும் எழுந்திருக்கவில்லை. அதிலேயே தெரிந்துவிட்டது. அக்கா போய் அரை மணி நேரம்கூட ஆகியிருக்கவில்லை.

உள்ளே அக்காவின் கையில் சூடு இன்னும் ஆறியிருக்கவில்லை. மாதக்கணக்காக ஊசி குத்திக் குத்திப் புடைத்துப்போன அந்தக் கையைப் பிடித்துக்கொண்டு நின்றார். அழுகை வரவில்லை. கொஞ்ச நேரம் கழித்து அக்காவின் கணவர், அத்தான், அவர் தோளைத் தொட்டு வெளியே கூட்டிவந்து பெஞ்சில் உட்கார வைத்தார்.

"மத்தியானம் கண்ணைத் தொறந்து, வந்துட்டானான்னு கேட்டா. வந்துட்டே இருக்கான்னு சொன்னேன். அப்புறம் இன்னொரு தடவை கேட்டா." அத்தான் துண்டால் முகத்தைத் துடைத்துக்கொண்டார். "வழியில வண்டி ஏதாவது தகராறு பண்ணிச்சாப்பா?"

ஆமாம் என்று ஒரு வார்த்தை சொல்லியிருந்தால் போதும். அத்தான் அந்த வார்த்தையை எடுத்துக் கையிலேயே கொடுத்த மாதிரிதான் கேட்டார். அவருக்கு வாங்கிக்கொள்ளத் தெரியவில்லை.

"இல்லத்தான். வண்டிக்கு ஒண்ணும் இல்ல. இன்னும் ஆயில் மாத்தலையேன்னு மெதுவா ஓட்டிட்டு வந்தேன். நடுவுல ரெண்டு எடத்துல நிறுத்தி இன்ஜினை ஆற வச்சேன்."

அத்தான் அவரைப் பார்த்தார். பிறகு தரையைப் பார்த்தார். பக்கத்தில் இருந்த பெண் செருப்போடு எழுந்து வராந்தாவின் கோடிக்குப் போய், சுவரைப் பார்த்து நின்றுகொண்டாள்.

எல்லாம் முடிந்து அவர் கிளம்பும்வரை அவள் அவரோடு பேசவில்லை. அவருடைய பையைக் கொண்டுவந்து கொடுத்தபோதும் முகத்தைப் பார்க்கவில்லை. சாவுச் செய்தி கேட்டு வந்திருந்த மனைவி முன்னாடியே உறவினர்களோடு காரில் திரும்பிவிட்டதால் அவர் தனியாகத்தான் வந்தார்.

அக்காவின் ஊர் எல்லையில் ஒரு சின்ன ஒர்க்‌ஷாப்பைப் பார்த்ததும் நிறுத்தினார். மீட்டர் ஐநூறைத் தொட்டுவிட்டிருந்தது. அங்கே இருந்த மெக்கானிக் தடித்த மனிதர். முட்டியில் கையூன்றித்தான் உட்கார முடிந்தது. அடியில் தட்டை வைத்துத் திருகைக் கழற்றியதும் எண்ணெய் இறங்கியது. வெயிலில் பார்த்தபோது அதில் மினுமினுவென்று பொடி மிதந்தது. அவர் குனிந்து அதையே பார்த்தார். அவ்வளவு கொஞ்சமாக இருந்தது அது.

"இதை மாத்தறதுக்கு முன்னாடி வேகமா ஓட்டியிருந்தா என்ன ஆயிருக்கும்?"

"எவ்வளவு தூரம்?"

"ஒரு நாலு மணி நேரம்."

"ஒண்ணும் ஆயிருக்காதுங்க," என்றார் மெக்கானிக், திருகைத் துடைத்துக்கொண்டே. "இப்ப வர்ற வண்டிங்க அதெல்லாம் தாங்கும். சும்மா நம்ம மனசுக்குத்தான் அந்தக் கட்டுப்பாடெல்லாம்."

அவர் திரும்பிச் சுவர்ப் பக்கம் போய் நின்றார். அக்கா இறந்ததிலிருந்து வராத அழுகை அங்கேதான் வந்தது. மெக்கானிக் என்ன நினைத்தாரோ, வேலையை நிறுத்திவிட்டு ஒரு சுத்தமான துணியைத் தேடி எடுத்து, எதுவும் கேட்காமல் அவர் கையில் கொடுத்தார்.

வீட்டுக்கு வந்து வண்டிக்கு உறை போட்டு மூடினார். வேலைக்குப் பஸ்ஸில் போனார். அன்றைக்கு மெதுவாக ஓட்டிப் போனதை மனைவியிடம் சொல்ல ஒரு வாரம் ஆயிற்று. அவள் முழுவதையும் கேட்டுவிட்டு, பார்த்துப் போங்கன்னு நானும்தானே சொன்னேன் என்றாள்.

கடையில் அவர் வேலை மாறிவிட்டது. கல்லில் வைத்த லென்ஸை எடுத்துத் தடவிப் பார்க்கப் பொறுமையில்லை. முன்னால் யாராவது காத்திருக்கிறார்கள் என்றால் அவசர அவசரமாக முடித்துக் கொடுத்தார். ஒரு பள்ளி ஆசிரியையின் கண்ணாடி ஓரம் சில்லுப் பெயர்ந்து திரும்பி வந்தது. இன்னொன்று சட்டத்துக்குள் நிற்காமல் ஆடியது. நிதானத்துக்கு வேறு பெயர்தான் வைக்க வேண்டும் என்று சட்டம் பூட்டுகிறவர் விளையாட்டாகச் சொன்னார். அவர் முகத்தைப் பார்த்ததும் அதோடு நிறுத்திக்கொண்டார்.

அத்தானுக்கு அடிக்கடி போன் செய்வார். அக்காவின் மகள் எடுத்தால், இருங்க, அப்பாகிட்ட தரேன் என்பாள். அதற்கு மேல் ஒரு சொல் கிடையாது. அது நியாயம்தான் என்று அவருக்கும் தோன்றியது.

மழைக்காலத்தில் ஒருநாள் சாயங்காலம் அவள் வீட்டு வாசலில் வந்து நின்றாள். மருந்துக் கடை வேலையாக இந்த ஊருக்கு வந்ததாகச் சொன்னாள். மனைவி துண்டு கொடுத்துத் தலையைத் துவட்டச் சொல்லி, டீ போட உள்ளே போனாள். அவளும் அவரும் முன்னறையில் எதிரெதிரே உட்கார்ந்திருந்தார்கள். அப்பா சரியாகச் சாப்பிடுகிறாரா என்று கேட்டார். சாப்பிடுகிறார் என்றாள். துண்டை மடித்தாள், பிரித்தாள், மறுபடியும் மடித்தாள்.

"உங்ககிட்ட ஒண்ணு சொல்லணும் மாமா. அன்னிக்குக் காலையிலயே டாக்டர் சொல்லிட்டாரு, சாயங்காலம் தாண்டறது கஷ்டம்னு. அதைக் கேட்டுட்டுத்தான் உங்களுக்குப் போன் பண்ணேன். அப்படியே சொன்னா பதறிட்டு வருவீங்க, வழியில எங்கயாவது விழுந்து வச்சா என்ன பண்றதுன்னு பயமா இருந்துச்சு. அதான் முடிஞ்சா வாங்கன்னு சொன்னேன்."

அவர் நிமிர்ந்து அவளைப் பார்த்தார்.

"உடனே வாங்கன்னு சொல்லியிருக்கணும். உங்க மேல கோபமா இருக்கற வரைக்கும் அது எனக்கு ஞாபகம் வராது. அதனாலதான் கோபமாவே இருந்தேன்."

வெளியே மழை கொஞ்சம் விட்டு, மறுபடியும் பிடித்தது. டீயோடு வந்த மனைவி, கேட்டுவிட்டிருக்க வேண்டும், கோப்பைகளைக் கீழே வைத்துவிட்டு அந்தப் பெண்ணின் பக்கத்தில் உட்கார்ந்து அவள் முதுகில் கை வைத்தாள். அவர் வெகுநேரம் யோசித்துப் பதில் சொன்னார். பொய் சொல்லி அவளைத் தேற்றலாம் என்றுகூட நினைத்தார். வரவில்லை.

"நீ உடனே வான்னு சொல்லியிருந்தாலும் நான் எப்படி ஓட்டியிருப்பேன்னு எனக்கே தெரியலம்மா. அதை உன் தலையில போட்டுக்காத."

அவள் அழ ஆரம்பித்தாள். அவரும் அழுதார். மனைவிதான் இருவருக்கும் டீயை எடுத்துக் கொடுத்தாள். பாதி குடித்தபின், இத்தனை மாதமாக அத்தானிடம் கேட்கத் துணியாததை அவர் அவளிடம் கேட்டார். இரண்டு தடவை கேட்டாள் என்று அத்தான் சொன்னாரே, அதற்குப் பிறகும் அக்கா கேட்டுக்கொண்டே இருந்தாளா?

அவள் கொஞ்ச நேரம் கோப்பையைப் பார்த்தாள்.

"இல்ல மாமா. அப்புறம் கேக்கல. தூங்கிட்டாங்க."

அவர் தலையை ஆட்டினார். அதில் ஆறுதல் இருக்கிறதா, இல்லையா என்று அவருக்குப் பிடிபடவில்லை. அவள் இரவு தங்கிவிட்டுப் போகட்டும் என்று மனைவியிடம் சொன்னார். மனைவி ஏற்கெனவே உள்ளறையில் பாயைத் தட்டி விரித்துக்கொண்டிருந்தாள்.