கடலுக்கு மேலே இரண்டு மணி நேரம்

ஏழு மாதம் முடிந்து ஒரு வாரம்கூட ஆகவில்லை, இங்குனுக்குப் பனிக்குடம் உடைந்துவிட்டது. மதியச் சாப்பாட்டுக்குத் தட்டெடுக்கக் கையை நீட்டியவள் அப்படியே நின்றுவிட்டாள்.

வட துருவத்தை ஒட்டிய தீவு ஊரான லாங்யியர்பியனில் பிரசவம் பார்ப்பதில்லை. நாள் நெருங்குமுன்பே கர்ப்பிணிகள் கடல் தாண்டிப் பெருநிலத்திலுள்ள துரோம்சோ நகரத்துக்குப் போய்விடுவார்கள். அவளுக்கு அடுத்த மாதக் கடைசியில்தான் டிக்கெட்.

"ஆம்புலன்ஸ் விமானம் கிளம்பிடுச்சு," என்றார் ஊர் டாக்டர்.

"எங்கேருந்து?" அவள் கணவன் ஷூர் கேட்டான்.

"துரோம்சோலேருந்துதான்."

ஷூர் மனதுக்குள் கணக்குப் போட்டான். ஆயிரம் கிலோமீட்டர் வரவேண்டும், அதே ஆயிரம் திரும்பவும் போகவேண்டும். வர இரண்டு மணி நேரம், போக இரண்டு மணி நேரம். இங்குன் வயிற்றை இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டாள், விட்டால் விழுந்துவிடும் என்பதுபோல.

விமானம் வந்தது. ஷூருக்கு இடமில்லை, குழந்தைக்கான கண்ணாடிப் பெட்டி அந்த இடத்தை அடைத்துக்கொண்டிருந்தது.

"நாளைக்கு வந்துடறேன். அதுக்குள்ள அவசரப்பட்டுடாத," என்று சிரிக்கப் பார்த்தான்.

பாதிக் கடலில் வலி பிடித்தது. கீழே சாம்பல் நிறத் தண்ணீர், ஒரு படகுகூட இல்லை.

"திரும்பிப் போயிடலாமா?" என்று கேட்டாள் இங்குன்.

மருத்துவச்சி குன்வோர் அவள் நெற்றியைத் துடைத்தாள். "திரும்பினாலும் போனாலும் இப்ப ஒரே தூரம்தான், கண்ணு."

ஆறுதலாகத்தான் சொன்னாள். இங்குன் அதன்பின் ஜன்னல் பக்கம் பார்க்கவேயில்லை.

"எதிர்க்காத்து பலமா இருக்கு," என்று முன்னாலிருந்து கத்தினான் விமானி தூரே. "அங்க பனி வேற கொட்டுதாம்."

"காரணம் சொல்லாம ஓட்டுப்பா!" என்றாள் குன்வோர்.

"ஓட்டிக்கிட்டுதான் இருக்கேன். இறங்கித் தள்ளவா?"

அந்த நிலையிலும் இங்குனுக்குச் சிரிப்பு வந்தது. சிரிப்போடு அடுத்த வலியும் வந்தது. அதன்பின் நிற்கவேயில்லை.

கரை கண்ணில் படுமுன் குழந்தை பிறந்துவிட்டது. பெண். குன்வோர் முதுகைக் காட்டியபடி அந்தச் சின்ன முகத்தில் மூச்சுக்கான ரப்பர் மூடியை வைத்து, அதோடு சேர்ந்த பையை இரண்டு விரலால் அழுத்திக் காற்றை உள்ளே செலுத்திக்கொண்டிருந்தாள்.

"ஏன் அழல?" என்று கேட்டாள் இங்குன்.

குன்வோர் திரும்பவில்லை. எஞ்சின் இரைச்சலில் அழுதாலும் காதில் விழுந்திருக்காது. அழுகிறதா, இல்லையா என்று தெரியாமல் அவள் அந்த முதுகையே பார்த்துக் கிடந்தாள்.

துரோம்சோவில் ஓடுபாதை தெரியவில்லை. தரையை நெருங்கிய விமானம் உதறிக்கொண்டு மறுபடி மேலே ஏறியபோது, இனி இறங்கவே போவதில்லை என்று அவளுக்குத் தோன்றிவிட்டது. இரண்டாம் முறை சக்கரம் தரையில் மோதியது. குன்வோர் அப்போதுதான் திரும்பினாள்.

"மூச்சு விடறா. தானாவே."

மறுநாள் ஷூர் வந்து பெட்டியருகே நின்றான். குழாய்களுக்கு நடுவே உள்ளங்கை அகலத்தில் ஒரு மார்பு ஏறி இறங்கியது.

"ரொம்பப் பயந்துட்டியா?"

"இப்பவும் பயமாத்தான் இருக்கு," என்றாள் இங்குன்.

மே மாதம் மகளோடு ஊர் திரும்பினார்கள். பயணிகள் விமானம், வெயில், காற்றே இல்லை. ஷூர் ஜன்னலோரம் தூங்கிப்போனான். இங்குன் மட்டும் வழி முழுக்கக் குழந்தையின் மூக்கருகே விரலை வைத்தபடி வந்தாள்.