நோட்டீஸ் அழைத்த பார்வதம்

என் சம்பளத்தோடு சேர்ந்து வரி ஏறக்கூடாதென்று, அம்பத்தூர் லேத்துப் பட்டறையை எல்லோரையும் போல நானும் மனைவி பெயரில்தான் பதிந்திருந்தேன். எழுபத்திரண்டில் பார்வதம் சண்டை போட்டுக்கொண்டு பட்டாபிராமிலிருந்த அம்மா வீட்டுக்குப் போய்விட்டாள். வீடு வெறிச்சோடிக் கிடந்தது. போய்க் கூப்பிட ரோஷம் விடவில்லை. அவள் பெயரில் போகவேண்டிய பட்டறை வருமான வரிக் கணக்கை வேண்டுமென்றே அனுப்பாமல் விட்டேன். நோட்டீஸ் வந்தால் முதலாளியம்மா கையெழுத்துப் போட வந்துதானே ஆகவேண்டும்!

வந்தாள். அவளுக்குப் பிடித்த மசால்வடை வாங்கி வைத்திருந்தேன், திரும்பிக்கூடப் பார்க்கவில்லை. பதில் கடிதத்தில் கையெழுத்துப் போட்டதும் செருப்பை மாட்டினாள்.

“இரு பார்வதம், காபியாவது குடிச்சிட்டுப் போ.”

“நான் வோணும்னா நீ வந்து கூப்ட்டிருக்கணும்யா. வரி ஆபீஸ்காரன் கூப்ட்டான், வந்தேன். அவன் வேலை முடிஞ்சிச்சு, போறேன்.”